வைகைக்கு உலக நீரியல் மாதிரியைப் பொருத்துவது எப்படி? முழுமையான வழிகாட்டி

உலக அளவிலான நீரியல் மாதிரி (மழை ஆற்றுநீராவதைக் கட்டம் கட்டமாகக் கணக்கிடும் கணினி நிரல்) ஒன்றை எடுத்து, மதுரை யானைக்கல் தரைப்பாலம் இருக்கும் கட்டத்தின் தினசரி நீரோட்டத்தை வரைந்து பாருங்கள். மழைக்கு ஏற்றபடி அழகாக ஏறி இறங்கும் ஒரு கோடு வரும். தரைப்பாலத்தில் நின்று பார்த்தால் ஆண்டில் பெரும்பாலான நாள்கள் மணலும் சீமைக்கருவேலமும்தான். மாதிரியின் இயற்பியலில் பெரிய கோளாறு இல்லை. வைகையை அது இயற்கையான ஆறு என்று நினைத்துக்கொள்கிறது, அவ்வளவுதான். மதுரைக்கு எவ்வளவு தண்ணீர் வரும் என்பதைப் பெரியாறு அணை நீரை இந்தப் பக்கம் கொண்டுவரும் சுரங்கமும், வைகை அணை மதகுகளும், அணைக்குக் கீழே கால்வாய்க்கு நீரைப் பிரிக்கும் பேரணையின் ஷட்டர்களும், நூற்றுக்கணக்கான கண்மாய்களும், ஆற்று மணலும் சேர்ந்து முடிவு செய்கின்றன. இவற்றை உள்ளே வைக்காமல் மண் அளவுருக்களை மட்டும் திருகிக்கொண்டிருந்தால் வரைபடம் ஒருவேளை பொருந்திவிடும். ஆனால் அடுத்த வறட்சி ஆண்டிலேயே அது கைவிட்டுவிடும். அதனால் இங்கே அளவுத்திருத்தம் (அளந்த நீரோட்டத்தோடு பொருந்தும்படி அளவுருக்களை மாற்றுவது) கடைசி வேலை.

எந்த மாதிரி, எந்த அளவுக் கட்டம்

வைகைப் படுகை சுமார் 7,000 சதுர கி.மீ. நம் அட்சரேகையில் 0.5 பாகைக் கட்டம் ஒன்று கிட்டத்தட்ட 3,000 சதுர கி.மீ. அதாவது வாட்டர்கேப் போன்ற மாதிரிக்கு முழு வைகையும் இரண்டரைக் கட்டம்கூட இல்லை. 0.1 பாகையில் ஏறத்தாழ 58 கட்டங்கள் கிடைக்கும். உலக வெள்ள முன்னறிவிப்பு அமைப்பான குளோஃபாஸின் நான்காம் பதிப்பு 0.05 பாகையில் ஓடுகிறது, அதில் 230 கட்டங்கள் வரை வரும். வருசநாட்டு மலையையும் கம்பம் பள்ளத்தாக்கையும் பிரித்துக் காட்ட அது போதும். மஞ்சளாறு, மருதாநதி போன்ற சிற்றாறுகளுக்குப் போதாது.

மூன்று வழிகள் உண்டு. உலக மாதிரியின் வெளியீட்டை அப்படியே எடுத்துப் புள்ளியியல் முறையில் திருத்துவது முதல் வழி. அணைக்கு மேலே இது ஓரளவு பலன் தரும். அணைக்குக் கீழே வீண் வேலை, ஏனென்றால் அங்கே நீரோட்டத்துக்கும் மழைக்கும் நேரடி உறவே கிடையாது. உலகத் தரவுகளை வைத்துக்கொண்டு 1 கி.மீ. அளவில் உள்ளூர் மாதிரி கட்டுவது இரண்டாவது. விஃப்ளோ (wflow), சிவாட்எம் (CWatM) என்ற மாதிரிகள் இரண்டும் இலவசம். விஃப்ளோவுக்கு ஹைட்ரோஎம்டி என்ற துணைக்கருவி இருப்பதால் முதல் வடிவம் ஒரு நாளில் கிடைத்துவிடும். மலைப்பகுதிக்கு ஒரு மாதிரி, அணைக்குக் கீழே வெறும் நீர்க்கணக்கு என்று கலந்து செய்வது மூன்றாவது. இந்த வழிகாட்டி இரண்டாவது வழியில் போகிறது. 30 நொடி வில் (சுமார் 1 கி.மீ.) கட்டத்தில் படுகை முழுவதும் சுமார் 8,300 கட்டங்கள்தான், சாதாரண மடிக்கணினியே தாங்கும்.

அலகுகளை முதலில் ஒழுங்கு செய்யுங்கள்

மாதிரி பேசுவது வினாடிக்குக் கன மீட்டரில். நீர்வளத் துறையின் பதிவேடு வினாடிக்குக் கன அடியில் (சுருக்கமாக 'கன அடி'), அணை இருப்பு மில்லியன் கன அடியில், மட்டம் அடியில். வினாடிக்கு 1,000 கன அடி என்பது 28.3 கன மீட்டர். அதே அளவு ஒரு நாள் முழுக்க ஓடினால் 86.4 மில்லியன் கன அடி. வைகை அணையின் நீர்ப்பிடிப்புப் பரப்பு சுமார் 2,250 சதுர கி.மீ. அதில் 1 மி.மீ. நீர் வழிந்து வந்தால் ஒரு நாள் சராசரியாக 920 கன அடி. இந்தக் கடைசி எண்ணை மனப்பாடம் செய்துகொள்வது நல்லது. மாதிரி 20,000 கன அடி வரத்து காட்டினால், மலை முழுவதும் 22 மி.மீ. வழிந்ததா என்று உடனே கேட்டுவிடலாம்.

படி 1: படுகையின் எல்லையும் ஆற்றுக்கோடும்

நீரோடும் திசைக்கு மெரிட் ஹைட்ரோ தரவு (90 மீட்டர்) போதும். துணைக்கருவி அதை 1 கி.மீ.க்குச் சுருக்கித் தரும். மலையில் பிரச்சினை வராது. மூன்று இடங்களைக் கண்ணால் பாருங்கள்.

ஒன்று, தேக்கடி முகடு. பெரியாறு அணையின் நீர்ப்பிடிப்பு (சுமார் 624 சதுர கி.மீ.) இயற்கையில் மேற்கே அரபிக்கடலுக்குப் போவது. திசைத் தரவும் அப்படித்தான் காட்டும், அது சரியே. அந்தப் பரப்பை வைகையோடு ஒட்டிவிடத் தோன்றும். ஒட்டாதீர்கள். சுரங்கம் வழியே வரும் நீர் மழையைப் பின்பற்றி வருவதில்லை, திறப்பைப் பின்பற்றி வருகிறது.

இரண்டு, மேலூர்ச் சமவெளி. பெரியாறு பிரதானக் கால்வாயின் கரையை ஆற்றின் எல்லையாகவோ, கால்வாயையே ஆறாகவோ தரவு எடுத்துக்கொள்ள வாய்ப்புண்டு. மூன்று, கடைசிப் பகுதி. பார்த்திபனூருக்குக் கீழே நிலம் தட்டை. தரவு ஆற்றை நேராகக் கடலுக்கு இழுத்துச் செல்லும். உண்மையில் தண்ணீர் ராமநாதபுரம் பெரிய கண்மாயில் போய் நிற்கிறது, அது நிறைந்து வழிந்தால்தான் மிச்சம் பாக் நீரிணைக்கு.

முடித்ததும் ஒரு சோதனை: ஒவ்வொரு அளவு நிலையத்துக்கும் மேலேயுள்ள நீர்ப்பிடிப்புப் பரப்பு என்று மாதிரி சொல்வதையும், நிலையப் பதிவில் உள்ளதையும் ஒப்பிடுங்கள். 5 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் என்றால் நிலையம் தவறான கட்டத்தில் உட்கார்ந்திருக்கிறது, பக்கத்துக் கட்டத்துக்கு நகர்த்துங்கள். மத்திய நீர் ஆணையப் பட்டியலில் வரும் அம்பாசமுத்திரம் தேனி மாவட்டத்து வைகை நிலையம். பெயரைப் பார்த்துத் தாமிரபரணிக் கரைக்கு ஆயத்தொலைவு கொடுத்துவிடாதீர்கள்.

படி 2: மழை

பிழையின் பெரும்பங்கு இங்கேதான் பிறக்கிறது, நேரத்தை இங்கே செலவிடுங்கள். ஈஆர்ஏ5 (ERA5) என்ற உலக வானிலைத் தரவின் கட்டம் சுமார் 31 கி.மீ. கேரளப் பக்கம் ஜூன், ஜூலையில் கொட்டும் மழையும், முகட்டைத் தாண்டியவுடன் காய்ந்து கிடக்கும் கம்பம் பள்ளத்தாக்கும் ஒரே கட்டத்துக்குள் விழுந்துவிடும். விளைவு, தென்மேற்குப் பருவத்தில் உத்தமபாளையத்துக்கும் ஆண்டிபட்டிக்கும் இல்லாத மழை. வடகிழக்குப் பருவத்தில் கோளாறு வேறு: மாலை நேர இடிமழையை அகலமான மெல்லிய தூறலாகப் பரப்பிவிடும். தூறல் மண்ணுக்குள் போய்விடும், ஆற்றுக்கு வராது.

இந்திய வானிலை ஆய்வுத் துறையின் 0.25 பாகைத் தினசரி மழைத் தரவை அடிப்படையாக வையுங்கள். அதுவும் மழைமானிகளுக்கு இடையே இழுத்துப் பரப்பிய தரவுதான். ஆகவே பெரியாறு, தேக்கடி, கூடலூர், உத்தமபாளையம், போடி, ஆண்டிபட்டி, வைகை அணை, பெரியகுளம், சோத்துப்பாறை, உசிலம்பட்டி, சோழவந்தான், விரகனூர், மேலூர் போன்ற மழைமானிகளின் பதிவை வாங்கித் திருத்துங்கள். செய்முறை எளிது. ஒவ்வொரு மழைமானிக்கும், ஒவ்வொரு மாதத்துக்கும், குறைந்தது 10 ஆண்டு மொத்த மழையைக் கூட்டுங்கள். அதை அந்த இடத்துக் கட்டத்தின் மொத்தத்தால் வகுங்கள். ஜூலையில் மழைமானி 45, கட்டம் 180 என்றால் காரணி 0.25. இப்படிக் கிடைத்த காரணிகளைப் படுகை முழுக்கப் பரப்பும்போது தூரத்தை மட்டும் பார்க்காமல் உயரத்தையும் முகட்டின் எந்தப் பக்கம் என்பதையும் பாருங்கள். தேக்கடியின் காரணியைக் கூடலூருக்கு இழுத்தால் செய்த வேலை வீண். கோடை மாதங்களில் மொத்த மழையே குறைவு என்பதால் காரணி கண்டபடி குதிக்கும். 0.3 முதல் 3 வரை வரம்பு வைத்து, அதைத் தாண்டும் மாதங்களை மட்டும் ஒவ்வொன்றாகப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

நாளின் எல்லை அடுத்த பொறி. வானிலைத் துறை ஒரு தேதிக்குப் போடும் மழை, அன்று காலை 8.30 மணியோடு முடிந்த 24 மணி நேரத்துக்கானது. அது உலக நேரப்படி அதிகாலை 3 மணி. ஈஆர்ஏ5 மணிவாரித் தரவை நள்ளிரவிலிருந்து நள்ளிரவு வரை கூட்டி இதோடு கலந்தால், மாதிரியின் வெள்ளம் ஒரு நாள் முன்னே பின்னே ஓடும். வரைபடத்தில் எல்லா உச்சங்களும் ஒரே அளவு நகர்ந்திருந்தால் ஆற்றுநீரின் வேகத்தைக் குறைக்கும் உராய்வு எண்ணைத் தொடாதீர்கள், தேதியைப் பாருங்கள்.

படி 3: மண்ணும் நிலப்பயன்பாடும்

இதில் அதிகம் மெனக்கெட வேண்டியதில்லை. மண்ணுக்குச் சாயில்கிரிட்ஸ், நிலப்பயன்பாட்டுக்கு ஈசா வேர்ல்ட்கவர் என்ற உலகத் தரவுகள் இரண்டும் போதும். ஒன்றை மட்டும் மாற்றுங்கள். உலகத் தரவில் வரும் 2 மீட்டர் மண் ஆழம் நம் கடினப்பாறைப் பகுதிக்குப் பொருந்தாது. மலைச்சரிவில் 0.5 முதல் 1 மீட்டர் வரை குறைத்துத் தொடங்குங்கள். குறைக்காவிட்டால் மண் கடற்பஞ்சு போல நீரைக் குடித்து, பிப்ரவரி, மார்ச்சிலும் சொட்டிக்கொண்டே இருக்கும். உண்மையில் வருசநாட்டு ஓடைகள் தை முடிவதற்குள் வற்றிவிடுகின்றன.

படி 4: பெரியாறு நீரை உள்ளே விடுவது

சுரங்க நீர் லோயர்கேம்ப் மின்நிலையம் வழியாக இறங்கி, முல்லையாற்றில் சேர்ந்து வைகைக்கு வருகிறது. லோயர்கேம்ப் கட்டத்தில் வெளிநீர் வரத்தாகத் தினசரித் திறப்பைக் கொடுங்கள். விஃப்ளோவில் ஆற்றுக் கட்டத்துக்கு இப்படி நேரடி வரத்து சேர்க்கும் வசதி இருக்கிறது. நாள்வாரி அணை நிலவரத்தில் வரும் வெளியேற்ற எண்ணைக் கன மீட்டருக்கு மாற்றினால் போதும். பதிவு இல்லாத நாளுக்கு முந்தைய நாளின் எண்ணை வையுங்கள், சுழியம் வைக்காதீர்கள். அணை மட்டம் 104 அடிக்குக் கீழே போனால் சுரங்கத்துக்குத் தண்ணீர் ஏறாது. அந்த நாள்களில் மட்டும் சுழியம்.

இதை விட்டுவிட்டு வைகை அணை வரத்தோடு மாதிரியைப் பொருத்த முயன்றால், தென்மேற்குப் பருவத்தில் வரும் அவ்வளவு நீரையும் கம்பம் பள்ளத்தாக்கின் மழையிலிருந்தே பிழிய வேண்டியிருக்கும். மண் அளவுருக்கள் அதற்குத் தகுந்தபடி பொய் சொல்லக் கற்றுக்கொள்ளும்.

படி 5: வைகை அணை

1959-இல் திறக்கப்பட்ட இந்த அணையின் முழுமட்டம் 71 அடி, கொள்ளளவு சுமார் 6,000 மில்லியன் கன அடி, அதாவது 17 கோடி கன மீட்டர். உலக அணைப் பட்டியலிலிருந்து மாதிரி தானாக எடுத்து வைத்தாலும், அதன் இயக்க விதி பொதுவானது: நிறையும்வரை தேக்கு, தேவைக்கு விடு. உண்மை விதி எல்லாரும் அறிந்ததே. 66 அடியில் முதல் எச்சரிக்கை, 68.5-இல் இரண்டாவது, 69-இல் மூன்றாவது. அதற்கு மேல் வரும் நீர் உபரியாக ஆற்றில் விடப்படும்.

ஆகவே மாதிரியில் 'நிறைவு' என்பதை 71-க்கு வைக்காமல் 69-க்கு வையுங்கள். வைக்கும்போது 69-ஐ 71-ஆல் வகுத்து 0.97 என்று போட்டுவிடக் கூடாது. மாதிரி கேட்பது கொள்ளளவு விகிதம். மேல்மட்டத்தில் நீர்ப்பரப்பு 20 சதுர கி.மீ. என்று எடுத்தால், கடைசி 2 அடியில் மட்டும் 1.2 கோடி கன மீட்டர் இருக்கிறது. விகிதம் 0.93. அணையின் மட்டம்-கொள்ளளவு அட்டவணையைக் கேட்டு வாங்குங்கள், வண்டல் படிந்த பிறகு அளந்த புதிய அட்டவணையாக இருக்கட்டும்.

வரத்துக் கணக்கில் ஒரு கண். அணை 'நீர்வரத்து' என்று வெளியிடப்படும் எண் பெரும்பாலும் நேரடியாக அளந்ததல்ல. மட்ட மாற்றம், வெளியேற்றம் இரண்டையும் வைத்துப் பின்னோக்கிக் கணக்கிட்டது. அதே 20 சதுர கி.மீ. பரப்பில் 0.1 அடி என்பது 6.1 லட்சம் கன மீட்டர், ஒரு நாள் சராசரியாக 250 கன அடி. அளவுகோல் பார்ப்பவர் ஒரு கோடு மேலே கீழே படித்தால் வரத்து 250 கன அடி ஏறி இறங்கும், சில நாள் எதிர்மறையாகவும் வரும். எதிர்மறை நாள்களை நீக்கிவிட்டு மிச்சத்தை வைத்துக்கொண்டால் சராசரி செயற்கையாக உயர்ந்துவிடும். நீக்காமல் 5 நாள் நகரும் சராசரி எடுங்கள். ஆவியாதலையும் சேர்க்க வேண்டும். நாளுக்கு 5 மி.மீ. என்றாலே 40 கன அடி போகிறது. கோடையில் வரத்து அதைவிடக் குறைவாகக்கூட இருக்கும்.

படி 6: பேரணையும் ஆயக்கட்டும்

பேரணையில் பிரியும் பெரியாறு பிரதானக் கால்வாய்க்கு எதிர்மறை வரத்து (அந்தக் கட்டத்திலிருந்து கழிக்கும் நீர்) கொடுங்கள். கள்ளந்திரி வரையுள்ள இருபோகப் பகுதிக்கு ஜூனில் திறக்கும் ஆண்டுகளில் வழக்கமான அளவு, 45 நாளுக்கு 900 கன அடி, பிறகு 75 நாள் முறைப்பாசனம் (முறைவைத்து விடுவது). 900 கன அடி என்பது 25.5 கன மீட்டர். மேலூருக்கும் திருமங்கலத்துக்கும் செப்டம்பர் வாக்கில். கடந்த காலத்தை ஓட்டிப் பார்க்கும்போது உண்மைத் திறப்பையே பயன்படுத்துங்கள், விதியை அல்ல. இருப்பு போதாத ஆண்டில் திறப்பே இருக்காது. மேலூர்ப் பக்கம் போகும் நீரில் பெரும்பகுதி வைகைக்குத் திரும்புவதில்லை, ஆகவே கசிவு நீரை ஆற்றில் மறுபடி சேர்த்து இரட்டைக் கணக்கு ஆக்க வேண்டாம்.

கீழ்ப்பகுதிப் பூர்வீகப் பாசனத்துக்கு அணையிலிருந்து ஆற்றில் விடும் நீர் ராமநாதபுரம் 7, சிவகங்கை 3, மதுரை 2 என்ற பங்கில் பிரியும். விரகனூர், பார்த்திபனூர் மதகணைகளில் எதிர்மறை வரத்து வைக்க இந்தப் பங்கு உதவும்.

சித்திரையில் அழகர் ஆற்றில் இறங்குவதற்கு முன் சில நாள்கள் திறப்பு இருக்கும். மழையே இல்லாத நாளில் மதுரையில் நீரோட்டம் எழும். உண்மைத் திறப்பைக் கொடுத்திருந்தால் மாதிரி அதைக் காட்டும். கொடுக்காமல் அந்த வாரத்தையும் சேர்த்துத் திருத்தினால், கோடை மழைக்கு ஆறு துள்ளுவதாக மாதிரி கற்றுக்கொள்ளும்.

படி 7: கண்மாய்கள்

ஐப்பசியில் முதல் நல்ல மழை பெய்தவுடன் மாதிரி ஆற்றில் வெள்ளம் காட்டும். உண்மையில் ஒன்றும் வராது. பிறகு கார்த்திகையில் சாதாரண மழைக்கே ஓடைகள் திடீரென்று கரைபுரளும். இந்த இரட்டைப் பிழையைக் கண்டால் கண்மாய் விடுபட்டிருக்கிறது என்று அர்த்தம்.

ஒவ்வொரு கண்மாயையும் தனித்தனியாக வைக்க வேண்டியதில்லை. துணைப்படுகை ஒன்றுக்கு ஒரு கூட்டுக் கண்மாய் போதும். நல்ல மழை ஆண்டின் டிசம்பர், ஜனவரி சென்டினல்-2 செயற்கைக்கோள் படங்களிலிருந்து நீர்ப்பரப்பைக் கூட்டுங்கள். சராசரி ஆழத்தைப் பெருக்குங்கள். கணக்கு இப்படிப் போகும்: துணைப்படுகை 300 சதுர கி.மீ., கண்மாய்ப் பரப்பு 15 சதுர கி.மீ., சராசரி ஆழம் 1.2 மீட்டர் என்றால் கொள்ளளவு 1.8 கோடி கன மீட்டர். படுகை முழுக்கப் பரப்பினால் இது 60 மி.மீ. உயரம் ஆகும். பெய்யும் மழையில் ஐந்தில் ஒரு பங்குதான் வழிந்தோடும் என்றால், கலுங்கில் (கண்மாயின் உபரிநீர் வழியும் இடம்) முதல் சொட்டு மறுகால் பாய்வதற்கு முன் 300 மி.மீ. மழை வேண்டும். மதுரைப் பக்கம் ஒரு நல்ல ஐப்பசி முழுவதும் பெய்வதே ஏறக்குறைய இவ்வளவுதான்.

ஒரே கண்மாயாகக் கூட்டுவதில் ஒரு குறை உண்டு: எல்லாம் ஒரே நாளில் நிறைந்து ஒரே நாளில் வழியும். உண்மையில் மேல்கண்மாய் நிறைந்து அடுத்ததற்கு இறங்கும். கொள்ளளவில் 70 சதவீதம் எட்டியதும் சிறிதாக வழியத் தொடங்கி, 100-இல் முழுதாக வழியும்படி வளைகோடு கொடுத்தால் இது சரியாகும். வரத்துக் கால்வாய் ஆக்கிரமிப்பில் தூர்ந்துபோன கண்மாய்களைக் கணக்கில் சேர்க்காதீர்கள். செயற்கைக்கோள் படத்தில் நல்ல மழை ஆண்டிலும் பச்சையாகவே இருப்பவை அவைதான்.

படி 8: மணல் குடிக்கும் நீர்

அணையிலிருந்து மதுரை சுமார் 70 கி.மீ. காய்ந்த ஆற்றில் முதலில் வரும் நீரை மணல் குடித்துவிடும். உலக மாதிரிகள் பெரும்பாலும் ஆற்றிலிருந்து நிலத்துக்குள் இறங்கும் இழப்பைக் கணக்கில் எடுப்பதில்லை. நனையும் அகலம் 150 மீட்டர், நீளம் 10 கி.மீ., மணிக்கு 10 மி.மீ. கசிவு என்றால் வினாடிக்கு 147 கன அடி போகும். ஆனால் இந்த 10 என்ற எண் நிலையானது அல்ல. திறந்த முதல் நாள்களில் அதிகம், மணல் நனைந்த பின் குறைவு. மழையில்லாத நாள்களில் நடந்த திறப்புகளைத் தேர்ந்தெடுத்து, அணை வெளியேற்றத்தையும் விரகனூர் வரத்தையும் ஒப்பிட்டு, முதல் மூன்று நாளுக்கு ஒரு வீதம், பிறகு ஒரு வீதம் என்று இரண்டு எண்கள் எடுங்கள். இடையில் பேரணையில் எடுத்ததைக் கழிக்க மறக்கக் கூடாது.

மதுரைக்குள் கோடையில் சிறிதாக ஓடுவது கழிவுநீர். மாதிரி சுழியம் காட்டினால் அது மாதிரியின் தவறல்ல.

படி 9: இப்போது அளவுத்திருத்தம்

அணைத் திறப்பும் கால்வாய்க்குத் திருப்பும் நீரும் கலக்காத மலைப்பகுதி நிலையங்களில் மட்டும் மண் அளவுருக்களைத் திருத்துங்கள். விஃப்ளோவில் முதலில் தொட வேண்டியது கிடைமட்டக் கடத்துதிறன் விகிதம் (மண்ணுக்குள் நீர் செங்குத்தாக இறங்குவதைவிடப் பக்கவாட்டில் எத்தனை மடங்கு எளிதாக நகர்கிறது என்ற எண்). 10, 50, 100, 250, 500, 1000 என்று 6 முறை ஓட்டினால் போதும். எண் கூடக்கூட உச்சம் தணிந்து, மழையில்லாதபோதும் ஓடும் அடிநீரோட்டம் கூடும். அடுத்து மண் ஆழம், பிறகு வேர் ஆழம். உராய்வு எண் கடைசி: சுத்தமான மணலாற்றில் 0.03, கருவேலமும் ஆகாயத்தாமரையும் அடைத்த பகுதியில் 0.06 அல்லது அதற்கு மேல்.

முதல் 3 ஆண்டுகளைத் தயார்ப்படுத்தலாக ஓட்டி, அந்த முடிவுகளைத் தூக்கிப்போடுங்கள். கண்மாயும் மண்ணும் சரியான ஈரத்துக்கு வர அவ்வளவு ஆகும். மழை அதிகமான 2015, 2021 போன்ற ஆண்டுகளில் திருத்தினால், வடகிழக்குப் பருவம் பொய்த்த 2016-ஐச் சோதனைக்கு வையுங்கள். தலைகீழாகவும் ஒருமுறை செய்யுங்கள். இரண்டிலும் தேறாத அளவுருக்களை ஏற்க வேண்டாம்.

மாதிரியும் அளந்ததும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்ற மதிப்பெண்ணுக்குக் கேஜிஇ (KGE) என்ற அளவீட்டை எடுங்கள், ஆனால் அதன் மூன்று கூறுகளையும் தனித்தனியே பாருங்கள். சராசரி விகிதம் 1.5 என்றால் மழையிலோ கால்வாய்க்குத் திருப்பும் நீரிலோ பிழை. ஏற்ற இறக்க விகிதம் 1-க்கு மேல் என்றால் கண்மாய் போதவில்லை. தொடர்பு மட்டும் குறைவு என்றால் தேதி. மொத்த எண்ணை மட்டும் பார்த்தால் இது எதுவும் தெரியாது. மடக்கை எடுத்து ஒப்பிடுபவர்கள் சுழிய நாள்களில் மாட்டிக்கொள்வார்கள். வர்க்கமூலம் எடுத்தால் அந்தத் தொல்லை இல்லை. மதுரைக்கு இன்னொரு அளவுகோல் கட்டாயம்: ஆண்டில் எத்தனை நாள் ஆறு வற்றிக் கிடந்தது, மாதிரியில் எத்தனை நாள்.

தினமும் ஓட்டுவதென்றால்

முன்னறிவிப்புக்குப் பயன்படுத்தும்போது ஒவ்வொரு காலையும் அணைகளின் உண்மை மட்டத்தை மாதிரியில் மாற்றி எழுதிவிட்டு ஓட்டுங்கள். இல்லையென்றால் ஒரு வாரத்தில் மாதிரியின் அணையும் வைகை அணையும் வேறுவேறு அணைகளாகிவிடும். மட்டம் 66 அடிக்குக் கீழே இருக்கும்வரை மதுரைக்கான வெள்ள முன்னறிவிப்பில் மலை மழையைவிட மஞ்சளாறு, மருதாநதி, சிறுமலைப் பக்கத்து மழைக்கே எடை கொடுங்கள், அவை அணைக்குக் கீழே சேர்பவை. 69-ஐ நெருங்கியபின் கணக்கு மாறும்: அணைக்கு வருவது அப்படியே கீழே வரும். வினாடிக்கு ஒரு மீட்டர் வேகம் என்று கொண்டால் அணையிலிருந்து மதுரைக்கு 20 மணி நேரம். ஏற்கெனவே நனைந்து ஓடிக்கொண்டிருக்கும் ஆற்றில் அதற்கும் குறைவு.